பவுடர் மலைக்குக் கீழே

இப்போது வந்திருக்கும் மூச்சு அளக்கும் மிஷின்களில் திரையில் ஒரு பிறந்தநாள் கேக் வருகிறது. அதன்மேல் மெழுகுவத்திகள் எரிகின்றன. பிள்ளை குழாயில் ஊதினால் ஒவ்வொன்றாக அணைகிறது. எல்லாம் அணைந்ததும் மிஷினே கைதட்டுகிறது. பக்கத்தில் ஆள் நின்று கத்த வேண்டியதில்லை. என் தங்கை பேரனுக்குச் சளி என்று போன மாதம் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதைப் பார்த்தேன். நானும் இதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னதும், அங்கிருந்த இளம் டெக்னீசியன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "கல்ஃப்ல எப்படி சார் இருக்கும்? எங்க சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்க சார்" என்றார்கள். சம்மதித்துவிட்டேன். அவர்கள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது.

என் தொழில் மூச்சுத்திறன் பரிசோதனை. ஸ்பைரோமீட்டர் என்ற கருவியில் நோயாளியை ஊதவைத்து, நுரையீரலில் எவ்வளவு காற்று பிடிக்கிறது, எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளப்பது. படித்தது தமிழ்நாட்டில், ஒரு அரசுக் காசநோய் மருத்துவமனையில். அங்கே கற்றுக்கொண்டதைவிட அங்கே பார்த்துப் பயந்தது அதிகம். பிறகு அபுதாபி. முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கிளினிக்கில் வெல்டர்களையும் பெயிண்டர்களையும் வரிசையில் நிறுத்தி ஊதவைத்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆண்கள் வந்தார்கள், ஊதினார்கள், ஊதமுடியாதவர்கள் ஊருக்குப் போனார்கள். அந்தக் கம்பெனி கிளினிக்கை மூடியபோது, வடக்கே மலைப் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. மனைவியும் மகனும் ஷார்ஜாவில் முவைலாவில் இருந்தார்கள். நான் வாரம் முழுக்க மலையடிவாரத்தில், வெள்ளிக்கிழமை வீட்டில்.

அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எமிரேட்டின் பெயரும் வேண்டாம். துபாயில் இருப்பவர்கள் மழை பெய்தால் கார் எடுத்துக்கொண்டு பார்க்க வரும் மலைகள்தான். அந்த மலைகளைத்தான் உடைக்கிறார்கள். கடலை நிரப்பவும் ரோடு போடவும் கல் வேண்டும். வெடிவைத்து, க்ரஷரில் போட்டு அரைத்து, சலித்து, நல்ல ஜல்லி லாரியில் போய்விடும். விலைபோகாத நைஸ் தூள் மட்டும் அங்கேயே குவிந்துகிடக்கும். நாங்கள் இருந்த ஊருக்குப் பின்னால் அப்படி ஒரு குவியல் இருந்தது. குவியல் என்றால் லாரிச் சுமை கணக்கு இல்லை. அது ஒரு குன்று. பாகிஸ்தானி டிரைவர்கள் அதைப் 'பவுடர் பஹாடு' என்பார்கள். நம்மவர்களுக்குப் பவுடர் மலை. காற்று இல்லாத நாளில் பார்த்தால் பனி பெய்தது போல அழகாகவே இருக்கும்.

அந்தக் கிளினிக்கில் என் மேலதிகாரி டாக்டர் இக்லாஸ். சூடானைச் சேர்ந்த அம்மையார், நெஞ்சுநோய் நிபுணர். என்னைவிட உயரம். யாரையும் 'பயப்படாதே' என்று சொல்லமாட்டார். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, முன்பக்கத்தை விட்டுவிட்டு முதலில் முதுகில் வைப்பார். கண்களை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் அறையில் யாராவது நாற்காலியை நகர்த்தினால் தொலைந்தான்.

காலையில் நான் செய்யும் முதல் வேலையை அவர் கதவருகே நின்று பார்ப்பார். மூன்று லிட்டர் பிடிக்கும் பெரிய சிரிஞ்ச் ஒன்று உண்டு. அதில் இருக்கும் காற்றை மிஷினுக்குள் தள்ளி, மிஷினும் மூன்று லிட்டர் என்றுதான் சொல்கிறதா என்று பார்க்கவேண்டும். வேகமாக ஒரு முறை, நிதானமாக ஒரு முறை, மெதுவாக ஒரு முறை. "முதலில் மிஷின் உண்மை பேசட்டும். பிறகு மனிதர்களைக் கேட்கலாம்" என்பார். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒருநாள்கூட அதைத் தாண்டிவிட்டுப் பரிசோதனையை ஆரம்பித்ததில்லை.

பிறகு நோயாளி. நிமிர்ந்து உட்காரவேண்டும், பாதம் தரையில் படவேண்டும், மூக்கில் கிளிப். உள்ளே இழுக்கமுடிந்த மட்டும் இழுத்து, உதடுகளால் குழாயை இறுக்கிப் பிடித்து, ஒரே வீச்சில் ஊதவேண்டும். அத்தோடு முடியாது. முடிந்துவிட்டது என்று நெஞ்சு சொல்லும்போதும் ஊதவேண்டும். அங்கேதான் நான் கத்துவேன். ஊது, ஊது, ஊது, இன்னும், இன்னும், விடாதே. மலையாளிக்கும் 'ஊது'தான். இந்திக்காரனுக்கு 'ஃபூங்க் மாரோ'. அரபிக் குழந்தைக்கு 'இன்ஃபுக்'. பாகிஸ்தானிப் பட்டாணிக்கு 'பூ' என்று உதட்டைக் குவித்துக் காட்டினாலே போதும். ஒரு தடவை ஊதினால் ஒத்துக்கொள்ளமாட்டோம். ஒன்றோடு ஒன்று பொருந்தும்வரை ஊதவைப்போம். சோம்பேறித்தனமாக ஊதினால் நோய் போலத் தெரியும். உண்மையான நோயும் சிலசமயம் சோம்பேறித்தனம் போலத் தெரியும். அதைப் பிரித்துச் சொல்வதுதான் என் சம்பளம்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தமிழ்க் குடும்பங்கள் வந்தால் நான்தான் மொழிபெயர்ப்பேன். ஒருநாள் ஒரு தகப்பனிடம் நான் பேசி முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் சொன்னது ஒரு வரி. நீ இவ்வளவு நேரம் என்ன சொன்னாய்?"

"அவர் மனசு நோகாமல் சொன்னேன், டாக்டர்."

"அவர் மனம் என் நோயாளி இல்லை. அவர் பிள்ளைதான் என் நோயாளி. நான் சொல்லும் அளவுக்குச் சொல்."

அதன்பிறகு அப்படித்தான் செய்தேன்.

ருக்சானா எங்களிடம் முதலில் வந்தபோது நான்காம் வகுப்பு. அப்பா சாகுல் பாய், அந்த ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர். நான் தூத்துக்குடி. பேச ஆரம்பித்த உடனே ஊர் ஒட்டிக்கொண்டது. கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு மைதானம். மைதானத்துக்குப் பின்னால் பவுடர் மலை. அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் க்ரஷர் டிரைவர்கள். அவர்கள் இல்லை என்றால் அந்த ஊரில் கடையே இல்லை.

"ஐஸ் தண்ணி குடிக்காதன்னா கேக்கமாட்டேங்கா சார். அதான் இருமல்" என்றார் சாகுல் பாய்.

அந்தப் பிள்ளை மூக்கில் கிளிப்பை மாட்டியதும் கண்ணாடியில் பார்க்கவேண்டும் என்றது. பார்த்துச் சிரித்தது. முதல் தடவை ஊதும்போது பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை இருமல் வந்துவிட்டது. மூன்றாவதுக்கு நான் கத்திய கத்தலில் அவளுடைய அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஒன் மோர் டைமா, அங்கிள்?" என்றாள். மூச்சு வாங்கியது. ஆனால் கேட்டது அவள்தான், நான் கேட்கவில்லை.

திரையில் கோடு வந்தது. நல்ல நுரையீரலில் இருந்து காற்று வெளியே வரும் கோடு மலைச்சரிவு போல நேராக இறங்கும். குழாய்கள் சுருங்கியிருந்தால் நடுவில் குழிவிழும். கரண்டியால் தோண்டி எடுத்தது போல. அவளுடையதில் குழி இருந்தது. மருந்து நான்கு இழுப்பு கொடுத்து, கால்மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதவைத்தோம். குழி பெருமளவு நிரம்பிவிட்டது. ஆஸ்துமா.

அது எளிதான விஷயம்தான். இன்ஹேலர் எழுதினோம். எப்படி இழுப்பது என்று காட்டிக்கொடுத்தேன். ஒழுங்காகச் செய்தாள். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் கோடு கொஞ்சம் மோசமாகவே இருந்தது. கோடை விடுமுறையில் குடும்பம் ஊருக்குப் போய்விட்டு வந்தது. வந்திறங்கிய இரண்டாம் நாள் கிளினிக்குக் கூட்டிவந்தார்கள். கோட்டில் குழியே இல்லை. டாக்டர் இக்லாஸ் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். குளிர்காலம் வருவதற்குள் குழி திரும்பிவந்துவிட்டது.

அடுத்த வருஷமும் அப்படியே. போனால் சரியாகிறது. வந்தால் கெடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. டாக்டர் சாகுல் பாயை உட்காரவைத்துச் சொன்னார். நான் அதே அளவில் தமிழில் சொன்னேன்.

"தூளால்தான் நோய் வந்தது என்று என்னால் நிரூபிக்கமுடியாது. தூரமாகப் போனால் நன்றாக இருக்கிறாள். தூரம்தான் இவளுக்கு மருந்து."

சாகுல் பாய் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "கடைய விட்டா விசா இல்ல சார். வேற எடத்துல எனக்கு யாரு கஃபீலா நின்னு விசா குடுப்பா? இந்த அர்பாப், எங்க மொதலாளி, நல்லவரு. வீட்ட சும்மா குடுத்திருக்காரு. சொல்லுங்க டாக்டரம்மாட்ட." சொன்னேன். டாக்டர் மருந்துச்சீட்டை எடுத்து இன்ஹேலரின் அளவைக் கூட்டி எழுதினார். அவரும் யாரோ ஒருவருடைய விசாவில் இருந்தவர்தான்.

அந்த ஊரில் ருக்சானா மட்டும் இல்லை. மலை ஊரின் அரபிக் குழந்தைகள், பட்டாணி டிரைவர்களின் குழந்தைகள், கேம்பில் இருந்த இருபது வயசுப் பையன்கள். பள்ளிக்கூடத்தில் காலை அணிவகுப்பில் இருமல் சத்தம் கேட்கும். டாக்டர் தன் ஓய்வு நாளில் க்ரஷர் மேனேஜரைப் பார்க்கப் போனார். நான்தான் வண்டி ஓட்டினேன். மேனேஜர் மரியாதையான மனிதர். கஹ்வா காப்பியும் பேரீச்சம்பழமும் வைத்தார். தூளின்மேல் தண்ணீர் தெளிக்கிறோம் என்றார். வலை கட்டப்போகிறோம் என்றார். மரம் நடப்போகிறோம் என்றார். எல்லாவற்றையும் செய்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். பார்வையிட யாராவது வரும் வாரங்களில் தண்ணீர் லாரி வந்தது. வலை கட்டினார்கள், அடுத்த காற்றில் கிழிந்து கம்பியில் தொங்கியது. கஃப் என்ற பாலைவன மரத்தின் கன்றுகள் நட்டார்கள், அவை வெள்ளையாகி நின்றன.

இன்னொன்றும் செய்தார்கள். கிளினிக்குக்குப் புது ஸ்பைரோமீட்டர் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். கம்பெனி ஆட்கள் கேக் கொண்டுவந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். டாக்டர் இக்லாஸ் அந்த நேரத்தில் ஒரு குழந்தையின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்களை மூடிக்கொண்டிருந்தார். கூப்பிடப் போனவர் திரும்பி வந்துவிட்டார். போட்டோவில் நான் நிற்கிறேன். பொய் சொல்லக்கூடாது, அருமையான மிஷின். பழையது மழுப்பியதையெல்லாம் அது துல்லியமாகக் காட்டியது. ஊரில் இருக்கும் பிள்ளைகளின் மூச்சு வருஷத்துக்கு வருஷம் எப்படிக் குறைகிறது என்று அதற்குப் பிறகு மிக நன்றாக அளந்தோம்.

ருக்சானாவுக்குப் பதின்மூன்று வயது ஆனபோது அவள் உம்மா நூர்ஜஹான் ஒரு முடிவு எடுத்தார். அப்போது கைக்குழந்தையாக இருந்த இளைய மகள் மர்யமையும் தூக்கிக்கொண்டு, ருக்சானாவோடு காயல்பட்டினத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சாகுல் பாய் கடையில் தனியாக இருந்தார்.

கையில் பிடித்து ஊதும் சின்னக் குழாய் ஒன்று உண்டு. உள்ளே ஒரு முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். அதை நான் அவளிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன். வாரம் ஒருமுறை வாட்சப்பில் குரல் அனுப்புவாள். "ஹலோ அங்கிள், டுடே மை நம்பர் இஸ்…" என்று ஆரம்பித்து எண்ணைச் சொல்வாள். எண் ஏறிக்கொண்டே வந்தது. நான் அதை டாக்டருக்குப் போட்டுக்காட்டுவேன். அவருக்கு அந்த எண் மட்டும்தான் வேண்டும். அது போதும். அந்த ஒரு வருஷம் எங்கள் கிளினிக்கில் ஒரு நல்ல காரியம் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் எண்ணுக்குப் பிறகு அவள் வேறு விஷயங்களும் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளியில் தமிழ் எழுத வரவில்லை. டீச்சர் எல்லார் முன்னாலும் படிக்கச் சொன்னார். "எல்லாரும் என்னை துபாய்க்காரி துபாய்க்காரின்னு சொல்றாங்க அங்கிள். நான் துபாய்க்குப் போனதே நாலஞ்சு தடவைதான்." ஒருமுறை துபாய் அல் குசைஸில் சித்தப்பா வீட்டுக்குப் போனதையும் சேர்த்து எண்ணிச் சொன்னாள். இன்னொரு நாள், "எங்க மலை எப்படி இருக்கு அங்கிள்? ஒரு பிக் அனுப்புங்களேன்" என்றாள். அனுப்பினேன். மாலை வெயிலில் எடுத்தது. பின்னால் இருந்த உண்மையான மலையை எடுத்தேன், தூள்மலையை விட்டுவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் சாகுல் பாய்க்குச் சர்க்கரை கூடி, காலில் புண் வந்து, கடையில் நிற்கமுடியாமல் போனது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நூர்ஜஹான் போனில் என்னிடம் கேட்டார். "நான் மட்டும் சின்னவளத் தூக்கிட்டு வாறேன், மூத்தவள அண்ணன் வீட்ல விட்டுட்டு வாறேன்னு சொன்னா, அவ சோறு திங்கமாட்டேங்கிறா அண்ணே. நான் என்ன செய்ய?"

விட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொன்னேன். டாக்டரும் அதையே சொன்னார். ஆனால் வந்தது மூன்று பேரும்.

கிளினிக்குக்கு வந்தபோது ருக்சானா என்னைவிட உயரமாகத் தெரிந்தாள். அல்லது அப்படி எனக்குப் பட்டது. ஊதவைத்தேன். மறுபடியும் நேரான கோடு, எங்கேயும் குழி இல்லை. இதுவரை அவள் ஊதியதில் அதுதான் சிறந்தது. டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார், "ஏன் திரும்பி வந்தாய்?"

"திஸ் இஸ் மை ப்ளேஸ்" என்றாள் ருக்சானா. கொஞ்சம் கோபத்தோடுதான் சொன்னாள். பிறந்தது இங்கே, பேச்சு வந்தது இங்கே, சிநேகிதிகள் இங்கே.

அடுத்த குளிர்காலம். அந்தப் பக்கம் குளிர்காலக் காலைகளில் மூடுபனி இறங்கும். காற்று அசையாது. பனியோடு சேர்ந்து தூளும் தரைக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும். கார் கண்ணாடியைத் துடைத்தால் சேறாக வரும். அன்று காலை நான் சிரிஞ்சை வைத்து மிஷினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பிக்கப் வந்து நின்ற சத்தம், தொடர்ந்து ஹாரன். சாகுல் பாய் புண்காலோடு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

அவளை உட்காரவைத்தோம், படுக்கவைக்க முடியவில்லை. இரண்டு கைகளையும் கட்டில் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, தோள்பட்டையை உயர்த்தி உயர்த்தி இழுத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் விசில் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஆக்சிஜன் வைத்தோம். நெபுலைசர் நிறுத்தாமல் ஓடியது. நர்ஸ் ஊசிபோட நரம்பு தேடினார். டாக்டர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கேட்டுவிட்டு, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார். குரலை உயர்த்தவில்லை. ருக்சானா என்னைப் பார்த்தாள். பேச மூச்சு இல்லை. நான் அவள் முகமூடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா விடு பிள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

கதவருகே நின்ற சாகுல் பாயின் முகம் மலர்ந்தது. "சத்தம் நின்னுட்டு சார். அல்ஹம்துலில்லாஹ். சரியாயிட்டா?"

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். காற்று போய்வந்தால்தான் விசில் கேட்கும். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தார். இந்தத் தடவை கண்களை மூடவில்லை. என்னைப் பார்த்தார். "அவரை வெளியே கூட்டிப் போகச் சொல்" என்றார்.

ருக்சானா சாய்ந்துவிட்டாள். டாக்டர் தொண்டையில் குழாய் இறக்கினார். பையை என் கையில் கொடுத்தார். அந்த ரப்பர் பையை அழுத்தினால் காற்று உள்ளே போகவேண்டும். நான் எத்தனையோ பேருக்கு அழுத்தியிருக்கிறேன், பஞ்சு போல இருக்கும். அன்று அது காற்று நிறைந்த டயர் போல இருந்தது. முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினால் கொஞ்சம் போனது. போனது திரும்பி வரவில்லை. வெளியே வராத காற்றுக்கு மேல் எப்படிக் காற்றை ஏற்றுவது? டாக்டர் அவள் விலாவை இரண்டு கைகளாலும் அழுத்தி, அடைபட்ட காற்றை வெளியே தள்ளப் பார்த்தார். நான் அழுத்த, அவர் பிழிய, நான் அழுத்த, அவர் பிழிய. பின்னால் நர்ஸ் பிரார்த்தனை செய்யும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்களும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் டாக்டர் இக்லாஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபிறகுதான் நான் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"கலாஸ்" என்றார். அரபியில், முடிந்துவிட்டது.

வெளியே போய்ச் சாகுல் பாய் முன்னால் நின்றோம். டாக்டர் ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொன்னார். நான் தமிழில் சொல்லவேண்டும். நான் வாய் திறப்பதற்குள் பாய் டாக்டரின் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மௌத்தாயிட்டா பாய்" என்றேன்.

அவர் உட்காரவில்லை, அழவில்லை. "அவ உம்மாட்ட யாரு சொல்லுவா?" என்று கேட்டார். பிறகு மறுபடியும், "அவ உம்மாட்ட யாரு சொல்லுவா சார்?"

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மலையடிவாரத்தில் சின்ன கபர்ஸ்தான், தலைமாட்டில் ஒரு கல் மட்டும் நட்டிருக்கும். நான் கிறிஸ்தவன், சுவருக்கு வெளியே டிரைவர்களோடு நின்றேன். க்ரஷர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடையில் அவளுக்கு மிட்டாய் எடுத்துக்கொடுத்துப் பழகிய பட்டாணி டிரைவர்கள் லாரிகளை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். முடிந்ததும் கை கழுவிவிட்டு லாரிக்குப் போனார்கள். அவர்களுக்கு டியூட்டி நேரம்.

சில நாள் கழித்து டாக்டர் இக்லாஸ் அந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். போனோம். நூர்ஜஹான் உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தார். மர்யம் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் நாற்காலியை மறுத்துவிட்டுத் தரையில் அவர் எதிரே உட்கார்ந்தார். வெகுநேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார், "இந்தச் சின்னவளை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போகச் சொல். இந்த மாதமே."

சொன்னேன்.

நூர்ஜஹான் மடியில் இருந்த பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே பேசினார். "டாக்டரம்மாட்ட சொல்லுங்க அண்ணே. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க. போன வருசம் இதே சொல்லக் கேட்டு ஊர்ல கெடந்தேன். இப்போ எங்க போவேன்? அந்தப் பிள்ளைய மண்ணுக்குள்ள தனியா வச்சிட்டு நான் எங்க போவேன்? அவளுக்கு இருட்டுன்னா பயம். தெனமும் சுவத்துக்கு வெளிய நின்னு சலாம் சொல்லிட்டு வாறேன். ஊருக்குப் போனா யாரு சொல்லுவா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அத்தனையையும் ஆங்கிலத்தில் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. அவர் தலையை அசைத்தார். தன் நாட்டு அரபி வழக்கில் ஏதோ மெல்லச் சொன்னார், எனக்கே புரியவில்லை. ஆறு மாதம் கழித்து அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவேண்டாம் என்று அவரே எழுதிக்கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய நாட்டில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. வேறு எங்கே போனார் என்று தெரியவில்லை. எனக்கு ஒரே ஒருமுறை செய்தி அனுப்பினார். அதில் தன்னைப் பற்றி எதுவும் இல்லை. சின்னவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாளா என்று மட்டும் கேட்டிருந்தார். ஆமாம் என்று எழுதினேன்.

நான் இன்னும் சில வருஷம் இருந்தேன். மகன் படிப்பு முடியவேண்டும். ஊதவைத்தேன், அளந்தேன், இன்ஹேலர் இழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். பேருக்குக் கொஞ்சம் கத்தினேன். தொண்டை பழைய மாதிரி எழும்பவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் நூர்ஜஹான் மர்யமைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருமல் எதுவும் இல்லை. "நீங்க போறதுக்கு முந்தி ஒரு தடவ பாத்துடுங்க அண்ணே" என்றார். பிள்ளை பாதம் தரையில் படவில்லை. காலுக்குக் கீழே ஒரு பெட்டியை வைத்தேன். என் இடத்துக்கு வரவிருந்த கவிதா என்ற சேலத்துப் பெண் மூக்கில் கிளிப் மாட்டினாள். மர்யம் சிரிக்கவில்லை. அவள் அழுத்தமான பிள்ளை. நான் கத்தாமலே கடைசிவரை ஊதினாள். மூன்று தடவையும் ஒன்றோடு ஒன்று பொருந்தியது.

"எப்படி இருக்கு அண்ணே?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல."

நூர்ஜஹான் முகத்தில் பல வருஷத்துக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தேன். "அப்போ இவளுக்கு இந்த ஊரு ஒத்துக்கிடுது. இங்கனயே இருக்கலாம்ல?"

அந்தத் தாளை நான் அவரிடம் கொடுத்திருக்கக்கூடாதோ என்றுகூடத் தோன்றியது. நல்ல சேதியே அந்தக் குடும்பத்துக்குக் கேடாக வந்து நின்றது. "இல்லம்மா. நல்லா இருக்கும்போதே கூட்டிட்டுப் போகணும். கெட்டபிறகு போயி பிரயோஜனம் இல்ல. பெரியவளுக்காகச் சொல்லல, இவளுக்காகச் சொல்லுதேன்" என்றேன். எவ்வளவு அழுத்திச் சொல்லமுடியுமோ அவ்வளவு அழுத்திச் சொன்னேன். கவிதாவும் சொன்னாள். நூர்ஜஹான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மகளின் முக்காட்டைச் சரிசெய்தார்.

"பாப்போம் அண்ணே. அல்லாஹ் இருக்கான்" என்றார். போகும்போது எனக்கு ஊரில் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னார்.

போன் பண்ணினேன். அவ்வப்போது பேசுவதுண்டு. சாகுல் பாய் கடையில்தான் இருக்கிறார். பவுடர் மலையின் ஒரு பக்கத்தை இப்போது ஏதோ கட்டுமான வேலைக்கு அள்ளிப் போகிறார்களாம். அள்ளுவதால் முன்பைவிட அதிகம் பறக்கிறது, கடையில் சாமான்களுக்குமேல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிவைக்கவேண்டியிருக்கிறது என்றார். ஒரு வியாபாரக் கஷ்டத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த வாரம் கவிதா ஒரு செய்தி அனுப்பினாள். "சார், மர்யம் வந்துச்சு. ஒரு மாசமா இருமலாம். ஊதவெச்சுப் பாத்தோம். இன்ஹேலர் ஆரம்பிச்சிருக்கோம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க அவங்க அம்மா."

"சரிம்மா" என்று பதில் போட்டேன்.